ஹாரி ஈஸ்ட்லாக்: மூட்டுகள் மூடிக்கொண்ட ஓர் உடல் – நிகழ்வு ஆய்வு

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் அறையில் தொங்கும் எலும்புக்கூட்டைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அது தானாக நிற்பதில்லை. உச்சந்தலையில் ஒரு கொக்கி, முதுகுத்தண்டின் நடுவே ஒரு கம்பி, தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் ஸ்பிரிங்கோ திருகாணியோ இருக்கும். இவற்றையெல்லாம் கழற்றிவிட்டால் 206 எலும்புகளும் தரையில் குவிந்துவிடும். உயிரோடு இருந்தபோது அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த லிகமெண்ட், தசைநாண், மூட்டுறை எல்லாம் மென்திசு. இறந்தபின் அவை மிஞ்சுவதில்லை.

அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில், மருத்துவர்கள் கல்லூரிக்குச் சொந்தமான மூட்டர் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஓர் எலும்புக்கூட்டுக்கு இந்த ஒட்டுவேலை பெரிதாகத் தேவைப்படவில்லை. சற்றுக் கூனி, கைகள் மடங்கிய நிலையில், அது பெரும்பாலும் ஒரே துண்டாக இருக்கிறது. முதுகில் விலா எலும்புகளுக்கு மேல் மெழுகு உருகி வழிந்து உறைந்ததுபோல எலும்புப் பாளங்கள். மேற்கையிலிருந்து மார்புக்கூட்டுக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் எலும்பாலேயே பாலங்கள். உயிரோடு இருந்தபோது இந்த உடலுக்குச் சொந்தக்காரர் ஹாரி ஈஸ்ட்லாக். 1933 நவம்பரில் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். 1973 நவம்பரில், 40 வயது நிறைய ஒரு வாரம்கூட இல்லாதபோது, நிமோனியாவில் இறந்தார்.

எலும்பு நோய் என்றால் நமக்கு எலும்பு தேய்வது, உடைவது, அரிப்பது, புற்று வைப்பதுதான் நினைவுக்கு வரும். ஹாரியின் எலும்பில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் உடலில் புதிதாக முளைத்த எலும்பை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், அது நம் தொடையில் இருக்கும் எலும்பைப் போலவே முறையான அடுக்குகளோடு, உள்ளே மஜ்ஜையோடு இருக்கும். உடைந்தால் ஒழுங்காகக் கூடவும் செய்யும். முளைத்த இடம்தான் தப்பு. இந்த நிகழ்வை முழுக்கப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, எலும்பைவிட மூட்டைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லித்தருபவர் ஹாரி என்பதுதான். மூட்டு இல்லாமல் போனால் உடலுக்கு என்ன ஆகும் என்பதை, கழுத்தில் தொடங்கித் தாடை வரை, ஒவ்வொன்றாக வாழ்ந்து காட்டியிருக்கிறார் மனிதர்.

விபத்தும் அதன்பின்னும்

குழந்தைப் பருவத்தில் ஹாரி மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடியாடினார். நான்கைந்து வயதில், தன் சகோதரியோடு வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது கார் மோதி இடதுகால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கால் சரியாகக் கூடவில்லை. அதைவிடக் கவலைப்பட வைத்தது, கொஞ்ச நாளில் இடுப்பும் முழங்காலும் விறைத்துப்போனதுதான். தொடைத் தசைக்குள் எலும்பு வளர்ந்திருந்தது.

அந்தக் காலத்து மருத்துவர்கள் எவரும் செய்யக்கூடியதைத்தான் செய்தார்கள். தேவையில்லாத எலும்பு வளர்கிறது, அசைவைத் தடுக்கிறது, ஆகவே அறுத்து எடுப்போம். எடுத்தார்கள். அது திரும்பவும் வளர்ந்தது, முன்னைவிடத் தடித்து. மறுபடி அறுவை, மறுபடி வளர்ச்சி. நோய் தொடையோடு நிற்கவும் இல்லை. முதுகு, கழுத்து, தோள் என்று பரவியது. முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த அறுவைகள் ஒவ்வொன்றும் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்த கதை என்று தெரிகிறது. ஆனால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாதாரணமாக ஒருவருக்குப் பலத்த அடிபட்டால், அடிபட்ட தசைக்குள் கொஞ்சம் எலும்பு உருவாவது உண்டு. அது முதிர்ந்தபின் அறுத்தெடுத்தால் பெரும்பாலும் திரும்ப வராது. ஹாரிக்கு வந்தது வேறு. கத்தி படும் காயமே இந்த நோய்க்கு அழைப்பு என்பது பல நோயாளிகளை வைத்துப் பார்த்தபின்தான் உறுதியாயிற்று.

நோய்க்கு அப்போது மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் புரோகிரெசிவா என்று பெயர். இன்று ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரெசிவா, சுருக்கமாக எஃப்.ஓ.பி. பத்து இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய். புதிய நோயும் அல்ல. 18ஆம் நூற்றாண்டில், லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் ஃப்ரீக், ஆரோக்கியமாகத் தோன்றிய சுமார் 14 வயதுப் பையனைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதியிருக்கிறார். முதுகெல்லாம் கட்டிகள். கழுத்து முள்ளெலும்புகளிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை இறங்கி, ஒவ்வொரு விலாவிலிருந்தும் கிளம்பி, பவளக்கொடிபோலக் கிளைத்து ஒன்றோடொன்று சேர்ந்து, எலும்பாலான ஓர் இறுக்கமான மேற்சட்டையாக ஆகிவிட்டன என்று வர்ணிக்கிறார். எக்ஸ்-ரே இல்லாத காலத்தில், கையால் தடவிப் பார்த்தே எழுதியது. ஹாரியின் முதுகைப் படத்தில் பார்த்துவிட்டு இதைப் படித்தால் இரண்டும் ஒரே உடல் என்றே தோன்றும்.

எலும்பு எப்படி வந்தது

எஃப்.ஓ.பி.யில் எலும்பு சத்தமில்லாமல் வளர்ந்துவிடுவதில்லை. முதலில் ஒரு வீக்கம் வரும். சூடாக, வலியோடு, சில நேரம் ஓர் இரவுக்குள். அடிபட்டதால் வரலாம், தசையில் ஊசி போட்டதால் வரலாம், சளிக்காய்ச்சலை அடுத்தும் வரலாம், காரணமே இல்லாமலும் வரலாம். அந்த இடத்துத் தசைக்குள் அழற்சிச் செல்கள் புகுகின்றன. தசை நார்கள் அழிகின்றன. அந்த இடத்தை நிரப்ப, தசைக்குள்ளேயே இருக்கும் ஒருவகை முன்னோடிச் செல்கள் பெருகுகின்றன. நம் உடலில் அவை தசையைச் சீராக்க உதவிவிட்டு அடங்கிவிடும். இவர்கள் உடலில் அவை குருத்தெலும்பாக மாறுகின்றன. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் நுழைந்து, அது படிப்படியாக எலும்பாகிறது.

கருவில் நம் கை கால் எலும்புகள் உருவானது இதே வழியில்தான். முதலில் குருத்தெலும்பால் ஒரு வடிவம், பிறகு அது எலும்பாக மாறுவது. பிறக்கும்போது ஏறத்தாழ 300 துண்டுகளாக இருப்பவை சேர்ந்து சேர்ந்து வளர்ந்தபின் 206 ஆகின்றன. அதாவது எலும்புகள் சேர்ந்துகொள்வது உடலுக்குப் புதிய வேலை அல்ல. எங்கே சேர வேண்டும், எங்கே சேரவே கூடாது என்ற கணக்கும் அதற்குத் தெரியும். மண்டையோட்டின் தட்டுகள் சேரலாம். இடுப்பெலும்பின் மூன்று பகுதிகள் சேரலாம். தோள்மூட்டு சேரக் கூடாது. எஃப்.ஓ.பி.யில் பிசகிப்போவது இந்தக் கணக்குத்தான்.

மூட்டின் கோணத்திலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். முடக்குவாதத்தில் மூட்டின் உட்பக்கம் கெடுகிறது: உள்சவ்வு வீங்கி, குருத்தெலும்பு அரித்து, கடைசியில் எலும்பு எலும்போடு உரசுகிறது. எஃப்.ஓ.பி.யில் மூட்டின் உள்ளே முதலில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. குருத்தெலும்பு வழுவழுப்பாக இருக்கிறது, மூட்டுத் திரவமும் இருக்கிறது. ஆனால் வெளியே, மூட்டைத் தாண்டிப் போகும் தசையும் தசைநாணும் லிகமெண்ட்டும் எலும்பாகி, குறுக்கே தாழ்ப்பாள் விழுந்துவிடுகிறது. அசைவில்லாத மூட்டின் குருத்தெலும்புக்கு ஊட்டம் சரியாகப் போகாது. அழுத்தமும் விடுபடுதலுமாக மாறி மாறி நடக்கும்போதுதான் மூட்டுத் திரவம் அதற்குள் போய்வரும். ஆக, வெளியே பூட்டு விழுந்தபின் உள்ளே இருந்ததும் காலப்போக்கில் வீணாகிறது.

பூட்டு விழும் வரிசையும் தற்செயல் அல்ல. முதுகுப்பக்கம் முதலில், வயிற்றுப்பக்கம் பிறகு. உடலின் நடுப்பகுதி முதலில், கை கால் பிறகு. தலைப்பக்கம் முதலில், கால்பக்கம் பிறகு. கை கால்களிலும் உடலை ஒட்டிய தோளும் இடுப்பும் முன்னால், மணிக்கட்டும் கணுக்காலும் கடைசியில். பல குழந்தைகளுக்குக் கட்டி வரும் முன்பே கழுத்து விறைப்பாக இருக்கும், ஏனென்றால் கழுத்து முள்ளெலும்புகளின் சிறு மூட்டுகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே ஒட்டத் தொடங்குகின்றன. ஹாரிக்கு விபத்து இந்த வரிசையைக் குலைத்துத் தொடையை முன்னுக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் முதுகும் கழுத்தும் வழக்கம்போல வரிசையில் வந்து சேர்ந்துகொண்டன.

தப்பிக்கும் தசைகளும் உண்டு. நாக்கு, கண்ணை அசைக்கும் தசைகள், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம், இதயம், குடல் போன்ற உறுப்புகளின் தசைகள் எலும்பாவதில்லை. உதரவிதானம் தப்புவதால்தான் இவர்கள் மூச்சுவிட முடிகிறது.

கடைசி ஆண்டுகள்

ஹாரி வளர வளர வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது கடினமாயிற்று. கடுமையான உடற்குறை உள்ளவர்களுக்காகப் பிலடெல்ஃபியாவில் இயங்கிய இங்லிஸ் ஹவுஸ் இல்லத்தில் பிற்காலத்தைக் கழித்தார். இறக்கும் தறுவாயில் உதடுகளைத் தவிரப் பெரிதாக எதையும் அசைக்க முடியாத நிலை.

இப்படிப்பட்டவருக்கு நிமோனியா ஏன் எமனாகிறது என்பதற்கும் மூட்டுதான் விடை. ஒவ்வொரு விலா எலும்பும் பின்னால் முள்ளெலும்போடு சிறு மூட்டுகளால் சேர்ந்திருக்கிறது. நாம் மூச்சை இழுக்கும்போது அந்த மூட்டுகளில் விலா எலும்புகள் சற்றே சுழன்று மேலேறுகின்றன, மார்புக்கூடு விரிகிறது. மூட்டுவலி என்று யாரும் பேசும்போது இந்த மூட்டுகள் கணக்கிலேயே வருவதில்லை, ஆனால் நாளெல்லாம் ஓயாமல் அசைபவை இவைதான். எஃப்.ஓ.பி.யில் இவை இறுகி, மேலே எலும்புப் பாளமும் மூடிக்கொண்டால் மார்பு ஒரு பெட்டியாகிவிடும். உதரவிதானம் மட்டும் கீழே இறங்கி ஏறிக் காற்றை இழுக்கும். சும்மா இருக்கும்போது அது போதும். சளி கட்டினால் பலமாக இருமி வெளியேற்ற அது போதாது. இந்த நோயாளிகள் பலரின் முடிவு நுரையீரல் தொற்றாகவோ, விரிய முடியாத மார்பால் இதயம் தளர்வதாகவோ அமைவது இதனால்தான்.

தன் உடலை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஹாரியின் விருப்பம். அப்படித்தான் எலும்புக்கூடு அருங்காட்சியகத்துக்குப் போனது. இந்த ஒப்புதலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் நெடியவர் சார்லஸ் பைர்ன், தன் உடலைக் கடலில் இறக்கிவிடுமாறு கேட்டிருந்தும், 1783இல் அவர் இறந்ததும் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் அதை வாங்கி எலும்புக்கூடாக்கிவிட்டார். லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் வெகுகாலம் நின்ற அது, 2023இல்தான் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டது. ஹாரியின் பக்கத்தில் இப்போது இன்னொரு எஃப்.ஓ.பி. எலும்புக்கூடு இருக்கிறது. 2018இல் இறந்த கேரல் ஆர்சல் என்ற பெண்மணியுடையது. அவரும் இங்லிஸ் ஹவுஸில் வாழ்ந்தவர், அவரும் தானாகக் கொடுத்தவர். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: தன் நகைகளையும் கூட வைக்க வேண்டும். 2019 முதல் நகைகளோடுதான் இருக்கிறார்.

காரணம் தெரிந்தது

பென்சில்வேனியா பல்கலைக்கழக எலும்பு மருத்துவர் ஃபிரெடெரிக் கேப்லனும் மரபியலாளர் ஐலீன் ஷோரும் பல ஆண்டுகள் இதன் மரபணுவைத் தேடினார்கள். கடினமான தேடல். மரபணுவைப் பிடிக்க, நோய் தலைமுறையாக இறங்கும் குடும்பங்கள் வேண்டும். எஃப்.ஓ.பி. உள்ளவர்களில் பிள்ளை பெறுபவர்கள் மிகச் சிலர், நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இது புதிதாக நேர்ந்த மாற்றம். உலகம் முழுக்கத் தேடியும் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே கிடைத்தன. அவற்றை வைத்து 2006இல் விடை வெளியானது. ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். அதனால் உருவாகும் ஏற்பிப் புரதத்தில் 206ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் என்ற வேறொன்று. மனித எலும்புகளின் எண்ணிக்கையும் 206 என்பது வெறும் தற்செயல், ஆனாலும் ஒருமுறை கேட்டால் மறக்காது.

அந்த ஏற்பி, எலும்பு வளரச் சொல்லும் செய்தியைச் செல்லுக்குள் கடத்துவது. ஆக்டிவின் ஏ என்று ஒரு புரதம் இருக்கிறது, அழற்சியின்போது அதிகம் சுரப்பது. நம்மிடம் அது இந்த ஏற்பியில் போய் உட்கார்ந்தாலும் எலும்புச் செய்தி போகாது, சொல்லப்போனால் தடையாகவே இருக்கும். மாறிப்போன ஏற்பியோ அதையே 'எலும்பு போடு' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. 2015இல் இது தெரிந்தபோது பழைய புதிர் ஒன்றும் அவிழ்ந்தது. அடி, ஊசி, காய்ச்சல், அறுவை எல்லாவற்றுக்கும் பொதுவானது அழற்சி. ஹாரியின் தொடையில் ஒவ்வொரு அறுவைக்கும் பின் எலும்பு தடித்து வந்ததன் காரணமும் அதுதான்.

கட்டைவிரல்

இந்த நோயை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. எஃப்.ஓ.பி.யோடு பிறக்கும் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த அன்றே ஓர் அடையாளம் இருக்கிறது. இரண்டு கால் கட்டைவிரல்களும் குட்டையாக, மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்திருக்கும். சில நேரம் அதில் மூட்டே இல்லாமல் இருக்கும். குளிப்பாட்டும் பாட்டியின் கண்ணில்கூடப் பட்டுவிடும். ஆனால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சில வருடம் கழித்து முதுகிலோ கழுத்திலோ கட்டி வரும்போது கால்விரலை எவரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. கட்டி என்றதும் புற்றுநோய்ப் பயம் வருகிறது, கட்டியில் ஒரு துண்டை வெட்டிச் சோதிக்கும் பயாப்சி எடுக்கிறார்கள். தொடக்கநிலைக் கட்டி நுண்ணோக்கியில் தீவிரமான நார்க்கட்டிபோலத் தெரிந்து தொலைக்கும். 2005இல் வந்த ஓர் ஆய்வின்படி ஏறக்குறைய 90 விழுக்காடு நோயாளிகளுக்கு முதலில் தவறான நோய்ப்பெயர்தான் சொல்லப்பட்டிருக்கிறது. மூன்றில் இரண்டு பேருக்குத் தேவையற்ற பயாப்சியோ அறுவையோ நடந்திருக்கிறது. பாதிப் பேர் அளவுக்கு அதனாலேயே அசைவை நிரந்தரமாக இழந்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கழுத்து திரும்பவில்லை, கை தூக்க முடியவில்லை என்றால் எண்ணெய் போட்டு உருவிவிடுவது நமக்குக் கை வந்த பழக்கம். பிசியோதெரபி என்ற பெயரில் மூட்டை வலிந்து மடக்குவதும் உண்டு. வேறு நோய்க்கு அது நல்லதாக இருக்கலாம், எஃப்.ஓ.பி. குழந்தைக்கு அந்த அழுத்தமே அடுத்த வீக்கத்தைக் கிளப்பும். தசையில் போடும் தடுப்பூசியும் அப்படித்தான். தோலுக்கடியில் போடக்கூடியவற்றை வீக்கம் இல்லாத நேரம் பார்த்துப் போடுவார்கள். பல் மருத்துவரிடம் கீழ்த்தாடைக்கு மரப்பு ஊசி போடும்போதும் வாயை அகலத் திறந்து பிடிக்கும்போதும் தாடை மூட்டே பூட்டிக்கொள்ளலாம். அப்புறம் ஆயுள் முழுக்கத் திரவ உணவுதான். ஆகவே குழந்தைக்குக் கட்டைவிரல் இப்படி இருந்து, உடலில் எங்கேனும் புதுக் கட்டியும் வந்தால், கத்தியோ ஊசியோ படுவதற்கு முன் ஏசிவிஆர்1 மரபணுச் சோதனையைக் கேட்க வேண்டும். அதற்கு ரத்தம் இருந்தால் போதும். நரம்பிலிருந்து பக்குவமாக ரத்தம் எடுப்பதால் கெடுதல் இல்லை.

மருந்து

வீக்கம் கிளம்பிய முதல் 24 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கி நான்கு நாள் கொடுப்பது நெடுநாளாக உள்ள வழக்கம். அழற்சியைத் தணிக்கும், மூட்டைக் காப்பாற்றும் உறுதி கிடையாது. ஆக்டிவின் ஏ-யைப் பிடித்துக்கொள்ளும் காரெடோஸ்மாப் என்ற எதிர்ப்பொருள் புது எலும்பு உருவாவதை வெகுவாகக் குறைத்தது. ஆனால் சோதனையில் இருந்தவர்கள் சிலர் இறந்ததால் 2020இல் அதை நிறுத்திவைத்து, பிறகு கவனமாகத் தொடர்ந்தார்கள்.

முதலில் அனுமதி பெற்றது பலோவரோட்டீன், 2022இல் கனடாவிலும் 2023இல் அமெரிக்காவிலும். வைட்டமின் ஏ-யின் உறவுக்காரப் பொருள். குருத்தெலும்பு எலும்பாகும் பாதையை அது தடுக்கிறது. ஏற்கெனவே உருவான எலும்பை அது கரைக்காது. சிக்கல் என்னவென்றால், குழந்தைகளின் கை கால் நீள்வதும் அதே பாதையில்தான். எலும்பின் இரு முனைகளிலும் இருக்கும் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்பையும் மருந்து விட்டுவைப்பதில்லை, தட்டு முன்கூட்டியே மூடிக்கொண்டால் வளர்த்தி நின்றுவிடும். அதனால் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு 8 வயதுக்கு மேலும் ஆண் குழந்தைகளுக்கு 10 வயதுக்கு மேலும்தான் கொடுக்கலாம். ஐரோப்பிய மருந்து முகமை அனுமதியே தரவில்லை. கழுத்தும் முதுகும் தோளும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பூட்டத் தொடங்குவது அந்த வயதுக்கு முன்னால்.